விடுதலை வாசலின் அளவு

தீங்கற்ற வலை ஆய்வு நிலையத்துக்குள் கடைசியாக ஒரு மீன் வந்தது எப்போது என்று அங்கே வேலை செய்கிற யாருக்கும் நினைவில்லை. நிலையத்தை என்னவோ கடலைப் பார்த்தபடிதான் கட்டியிருந்தார்கள். கடல் பக்கத்து ஜன்னல்களைத் திறந்தால் உப்புக்காற்று நாற்காலிகளைக் கெடுக்கிறது என்று யாரோ குறை சொல்ல, அவற்றுக்கு ஆணி அடித்துவிட்டார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் உள்ளே குளிர்ந்த அறைகளில் உட்கார்ந்து கடலின் நலனைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கவலைப்படுவதற்கென்றே மேலே தனி மாடி இருந்தது.

நிலையத்தின் வேலை என்ன என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இழுவலை கடலடியில் எதிர்ப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு போகிறது. மீனோடு மீனாக ஆமையும் அகப்பட்டு, மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகிறது. ஆமை தப்பிப்போக வலையின் முதுகில் ஓர் ஓட்டை வைக்க வேண்டும். அந்த ஓட்டை எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான். ஓட்டைக்கு ‘விடுதலை வாசல்’ என்று பெயர் சூட்டினார்கள். பெயர் சூட்டியதும் பாதி வேலை முடிந்த திருப்தி எல்லோருக்கும் வந்துவிட்டது. மீதிப் பாதிதான் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு கிடந்தது.

நிலையத்தின் பின்பக்கம் ஒரு மாடி உயரத்துக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அதில் இயந்திரத்தால் நீரோட்டம் உண்டாக்கி, வலையைத் தொங்கவிட்டுச் சோதனை செய்வார்கள். அந்தக் கண்ணாடியில் படிகிற பாசியைச் சுரண்டுவதுதான் தொட்டிக்காரரின் வேலை. மெலிந்த மனிதர். தண்ணீருக்குள் இறங்கினால் பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும்வரை மேலே வரமாட்டார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த கெட்டிக்காரத்தனம். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய மனைவியின் அண்ணன், அதே தொட்டியில் வலையைத் தூக்கி இறக்குகிற விஞ்ச் இயந்திரத்தை இயக்கும் மச்சான். வேலை தற்காலிகம். எந்தக் காலையிலும் வாசலில் நிற்கிற காவலாளி “இனிமே வர வேணாம்” என்று சொல்லிவிடலாம். அதனால் தொட்டிக்காரர் தினமும் காவலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சுவிடுவார். நிரந்தரம் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் ஒருநாள் மேல்மாடிக்குக் கூப்பிட்டு, ஆமைகளின் பிரதிநிதியாக நியமித்தார்கள்.

அந்தப் பதவிக்கு ஒரு சரித்திரம் உண்டு. முதலில் ரப்பரில் ஆமை பொம்மை ஒன்று செய்து வலைக்குள் விட்டிருக்கிறார்கள். அதற்கு அம்மணி என்று செல்லப்பெயர். எத்தனை முறை விட்டாலும் அம்மணி வாசலைத் தேடிப் போகவில்லை. வலையின் வாலில் போய் ஒதுங்கிக்கொண்டது. நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு, அம்மணிக்குத் தப்பிக்கும் விருப்பம் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். விருப்பமுள்ள ஓர் உயிர் தேவைப்பட்டது. உண்மையான ஆமையை விடலாமா என்று கேட்டபோது, அறநெறிக் குழுவின் அம்மா கண்கலங்கிவிட்டார். வாயில்லாத ஜீவனை இப்படி வதைக்கலாமா என்றார். ஊழியர்கள் விஷயத்தில் அறநெறிக் குழுவுக்கு அதிகாரமில்லை என்று யாரோ எடுத்துச் சொன்னபிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

நிலையத்தின் தலைவர் தொட்டிக்காரரை உட்காரவே சொன்னார். அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சோதனை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் என்றார் தலைவர். வாசலின் வரைபடத்தையும் காட்டினார். இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு வெளியே வரலாம், அவ்வளவு பெரிது. தொட்டிக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

மேல்மாடி நடைவழியில் முந்தைய பிரதிநிதிகளின் புகைப்படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ‘ஒத்துழைத்தார்’ என்று பொறித்திருந்தது. இவர்களெல்லாம் இப்போது எங்கே என்று தொட்டிக்காரர் காவலாளியிடம் கேட்டார்.

“எல்லாரும் ரொம்ப நல்லவங்கப்பா” என்றார் காவலாளி.

“அது சரிண்ணே. இப்ப எங்க இருக்காங்க?”

“நல்லவங்க” என்று மறுபடியும் சொல்லிவிட்டு, காவலாளி ஏற்கெனவே பூட்டியிருந்த கதவைப் பூட்டப் போனார்.

பதவியோடு ஒரு ரப்பர் உடுப்பும் கொடுத்தார்கள். முந்தைய பிரதிநிதி போட்டிருந்தது; துவைத்து மடித்திருந்தது. வீட்டில் மனைவி அதைப் பிரித்துப் பார்த்தாள். அவள் நாலு வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறவள். துணி எதுவானாலும் முதலில் தையலைத்தான் பார்ப்பாள். தொண்டையிலிருந்து அடிவயிறுவரை நேர்கோடாக ஒரு தையல் ஓடியது. அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

“என்னங்க, இது கிழிஞ்சு தைச்சதில்ல. கத்தரியால வெட்டியிருக்காங்க. போட்டிருந்தவங்க உடம்புல இருக்கும்போதே வெட்டின மாதிரி இருக்கு.”

பழசென்றால் அப்படித்தான் இருக்கும் என்று தொட்டிக்காரர் சொன்னார். சொன்னாரே தவிர, அன்று அந்த உடுப்பை அவர் வீட்டுக்குள் வைக்கவில்லை. வெளியே கொடியில் போட்டார்.

பிறகு கூட்டங்கள் தொடங்கின. பிரதிநிதி என்பதால் தொட்டிக்காரரும் போக வேண்டும். ஆமைக்குப் பேச வராது என்பதால் அவர் பேசக் கூடாது. முதல் கூட்டத்தில் படகு முதலாளிகளின் தரப்பில் வந்தவர், இவ்வளவு பெரிய வாசல் வைத்தால் நல்ல மீனெல்லாம் அதன் வழியாகப் போய்விடும், அப்புறம் வலை எதற்கு என்று கேட்டார். வாசல் கொஞ்சம் சுருங்கியது. அடுத்த கூட்டத்தில் ஆமை நிபுணர் எழுந்து, வாசல் பெரிதாக இருந்தால் ஆமைக்குப் பொறுப்புணர்ச்சி குறைந்துவிடும் என்றார். அவர் பேசுவது யாருக்கும் விளங்காது என்பதால் யாரும் மறுக்கவில்லை. வாசல் இன்னும் சுருங்கியது. அதற்கடுத்த கூட்டத்தில், தீர்மானம் என்று ஒன்று வேண்டுமே என்பதற்காகவே கொஞ்சம் சுருக்கினார்கள். ஒவ்வொரு முறையும் கடைசியில் தலைவர் பிரதிநிதிக்கு நன்றி சொல்வார், எல்லோரும் கைதட்டுவார்கள்.

வரைபடத்தில் வாசல் தன் இடுப்பைவிடச் சின்னதாகிவிட்டது என்று தோன்றிய அன்று, தொட்டிக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார். பேசக் கூடாது என்பதால் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக் காட்டினார். குழு அதைப் பெருந்தன்மையோடு பரிசீலித்தது. மறுநாளிலிருந்து சாப்பாட்டுக்கூடத்தில் பிரதிநிதிக்குப் பாதிச் சாப்பாடுதான் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஆமைக்கு விரல் கிடையாது என்பது அதற்குப் பிறகுதான் யாருக்கோ நினைவு வந்தது. துடுப்பு வடிவத்தில் தடித்த கையுறை தைத்துக் கொடுத்தார்கள். ஆமையிடம் கத்தியும் கிடையாது, காற்றுக்குழாயும் கிடையாது. ஆகவே பிரதிநிதியிடமும் எதுவும் இருக்கக் கூடாது, தண்ணீரில் இறங்குமுன் உடுப்பைச் சோதிக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆமை நிபுணர், பிரதிநிதி தினமும் சிறிதுநேரம் தவழ்ந்து பழகுவது நல்லது என்று ஆலோசனை சொன்னார். நடைவழியில் அந்தப் புகைப்படங்களுக்குக் கீழே தொட்டிக்காரர் தவழ்ந்து போனதைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாருமில்லை. எல்லோரும் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

தொட்டிக்காரர் மச்சானிடம் போய் மனதைக் கொட்டினார். விஞ்ச் அறைக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு பெருஞ்சுவர் இருந்தது. முன்பு அந்தச் சுவர் கிடையாதாம். அப்போது விஞ்ச் இயக்கிய ஆள், தொட்டிக்குள் பார்த்துவிட்டு உணர்ச்சிவசப்பட்டு, குழு முடிவெடுக்குமுன்பே வலையை மேலே தூக்கிவிடுவாராம். அவரை அனுப்பிவிட்டுச் சுவரைக் கட்டினார்கள். அதிலிருந்து ஒரே வழக்கம்தான். சோதனை முடிந்தது என்று குழுவில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னபிறகு, தலைவர் ஒரு சின்ன மரச்சுத்தியலால் தொட்டிக் கண்ணாடியில் மூன்று தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப்பக்கம் கேட்கும். மச்சான் வலையைத் தூக்குவார். தட்டாமல் தூக்கக் கூடாது. தட்டினால் தூக்காமல் இருக்கக் கூடாது.

“பயப்படாத மாப்ள. தட்டின அடுத்த நொடி நான் தூக்கிருவேன். இத்தனை வருஷத்துல ஒருவாட்டிகூட தாமதிச்சதில்ல” என்றார் மச்சான்.

அதில் பெருமைதான் இருந்தது. தொட்டிக்காரருக்கும் அப்போதைக்கு அது தைரியமாகத்தான் இருந்தது.

சோதனை நாளன்று தொட்டியின் முன்னால் விருந்தினர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மனைவி வரவில்லை; வெளியாட்களுக்கு அனுமதியில்லை. தொட்டிக்காரரின் உடுப்பைத் தடவிச் சோதித்தார்கள். விரலில் கிடந்த மோதிரத்தைக்கூட, ஆமைக்குத் திருமணம் ஆகாது என்று சொல்லிக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தலைவர் ஒலிபெருக்கியின் முன்னால் வந்து தொண்டையைக் கனைத்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! கடல் நம்மை நம்பியிருக்கிறது. இந்த நிலையம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, நம் வலையில் ஓர் உயிருக்குக்கூட வீணான தீங்கு நேர்ந்ததில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். இது எப்படி என்று வெளிநாட்டு அறிஞர்களே வியந்து கேட்கிறார்கள். ரகசியம் எதுவுமில்லை. வாசல் வழியாக வெளியே போனது எதுவோ அது வேண்டாதது. வலைக்குள் நின்றுவிட்டது எதுவோ அது வேண்டியது. வேண்டியதைப் பிடிப்பது எப்படித் தீங்காகும்? இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து நம் நிலையத்தில் தீங்கு என்பதே நிகழவில்லை. இனியும் நிகழாது. அதற்கு நான் உத்தரவாதம்.”

கைதட்டல் கேட்டது. தொட்டிக்காரர் ஏணியின் உச்சியில் நின்றபடி அந்தப் பேச்சைக் கேட்டார். முழுவதும் கேட்டபிறகு அவருக்குக் கீழே இறங்கிவிடத் தோன்றியது. ஆனால் அதற்குள் பின்னாலிருந்து யாரோ அவர் தோளில் அன்பாகக் கைவைத்து, தண்ணீர்ப்பக்கம் திருப்பிவிட்டார்கள்.

உள்ளே நீரோட்டம் அவரை வலையின் வாய்க்குள் தள்ளியது. கடலில் திரும்பும் வழி கிடையாது என்பதால், உள்ளே போனதும் வாயைக் கயிறு இறுக்கி மூடியது. அவர் பதறவில்லை. மேலே வாசல் தெரிந்தது. தலையை நுழைத்தார், தோளைச் சாய்த்து நுழைத்தார், நெஞ்சும் வந்தது. இடுப்பில் நின்றுவிட்டது. பாதிச் சாப்பாட்டில் இளைக்க வேண்டியதெல்லாம் இளைத்திருந்தது; எலும்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. கையுறைக்குள் விரல்கள் தவித்தன, வலையின் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல், அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

வெளியே எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். அங்கே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தவர் அன்று பேசியதையெல்லாம் பின்னால் தொட்டிக்காரரிடம் சொன்னார். பாதி வெளியே வந்ததை வெளியே போனதாகக் கொள்ளலாமா என்பது கேள்வி. தலை வெளியே வந்துவிட்டதால் தப்பியதாகவே கருதலாம் என்றார் ஆமை நிபுணர். எடையை வைத்துப் பார்த்தால் பெரும்பகுதி உள்ளேதான் நிற்கிறது, ஆகவே அகப்பட்டதுதான் என்றார் முதலாளிகள் தரப்பு. அறநெறிக் குழுவின் அம்மா, இரு தரப்பின் மனமும் புண்படாமல் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒருமனதாக முடிவு வராததால் தலைவரின் சுத்தியல் மேசையிலேயே இருந்தது. தேநீர் வந்தது. குடித்தார்கள்.

தொட்டிக்காரர் அந்தக் கோப்பைகளைப் பார்த்தார். காது அடைத்தது, நெஞ்சுக்குள் நெருப்பு மூண்டது. தான் சாகப்போகிறோம் என்பது அவருக்குச் சந்தேகமறத் தெரிந்தது. நடைவழிப் புகைப்படங்களில் இருந்தவர்களும் இப்படித்தான் இந்தக் கண்ணாடி வழியாகக் கோப்பைகளைப் பார்த்திருப்பார்கள் என்பதும் தெரிந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் மச்சான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாடி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கையுறை போட்ட கையால் அடித்தால் சத்தம் வராது. உடம்பை வளைத்து, இருந்த தெம்பையெல்லாம் திரட்டி, நெற்றியைக் கண்ணாடியில் மோதினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது மோதலில் தண்ணீரில் சிவப்பு இழை ஒன்று ஓடியது.

விஞ்ச் உறுமியது. வலை மேலே எழுந்தது. மச்சான் அன்றும் தாமதிக்கவில்லை.

தொட்டிக்காரர் வலைக்குள் தொங்கியபடி இருமி இருமி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது, கீழே தலைவர் மேசையிலிருந்த சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுகிற அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. தட்டியிருக்கிறது. ஆகவே தட்டியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். சரியான நேரத்தில் தட்டினீர்கள் என்று முதலாளிகள் தரப்பு அவர் கையைக் குலுக்கியது. தலைவர் அடக்கமாகத் தலைகுனிந்தார். வலை மேலே வந்தபோது உள்ளே இருந்தது எதுவோ அது வேண்டியது. தொட்டிக்காரரை வலையோடு எடைபோட்டு, புகைப்படமும் எடுத்துக்கொண்டு, தீங்கு எதுவுமில்லை என்று அறிவித்தார்கள். அவரை நிரந்தரமாக்கிவிட்டதாகவும் அதே மூச்சில் தலைவர் சொன்னார். அடுத்த சோதனைக்கும் அவரேதான் பிரதிநிதி; வாசலைத்தான் இன்னும் கொஞ்சம் செம்மைப்படுத்த வேண்டியிருக்கிறதாம்.

இத்தனை நாள் ஏங்கிக் கிடந்த சொல் காதில் விழுந்தபோது, தொட்டிக்காரர் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மச்சானோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, தட்டியது யார் என்று அவரிடம் சொன்னார். மச்சான் அவருடைய நெற்றிக் கட்டைப் பார்த்தார். நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நான் தட்டாம இருந்திருந்தா?” என்று கேட்டார் தொட்டிக்காரர். “நேரம் போய்க்கிட்டே இருக்கேன்னு நீங்களாத் தூக்கியிருப்பீங்களா மச்சான்?”

மச்சான் பேருந்து வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “தலைவர் தட்டினாத்தானே மாப்ள தூக்கணும்” என்றார்.

இருவரும் ஒரே பேருந்தில் ஏறி, வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

வீட்டில் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு மனைவி அழவில்லை. உடுப்பின் உள்பக்கம் இடுப்பருகே ஒரு சின்னப் பை வைத்துத் தைத்துவிடுகிறேன், வலை அறுக்கிற கத்தி ஒன்றை அதில் ஒளித்துக்கொள்ளுங்கள், தடவினாலும் தெரியாது என்றாள். உடுப்பைத் திருப்பி, சாக்குக்கட்டியால் கோடு போடக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கோடு போட நினைத்த அதே இடத்தில், அதே அளவில், சதுரமாக ஊசித் துளைகள் இருந்தன. யாரோ ஒரு பை தைத்திருக்கிறார்கள். யாரோ அதைப் பிரித்திருக்கிறார்கள்.

“எனக்கு முன்னாடியே ஒருத்திக்கு இது தோணியிருக்கு” என்றாள். “நீங்க போக வேணாங்க. நிரந்தரமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நாலு வீட்டுக்குத் தைக்கிறதை எட்டு வீட்டுக்குத் தைக்கிறேன்.”

தொட்டிக்காரர் மறுக்கவில்லை. அந்த நிமிஷமே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இடுப்பெலும்பு இருக்கிற மனிதனாகவே மீதிக் காலத்தையும் ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். பல நாளைக்குப் பிறகு அன்று முழுச் சாப்பாடு சாப்பிட்டார்.

அவர் வரவில்லை என்பதை நிலையம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் மச்சான் வீட்டுக்கு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார், முகத்தில் களை. கண்ணாடியில் தட்டுகிற வழக்கத்தில் ஒரே ஒரு குறை இருப்பதைக் குழு கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். கண்ணாடியை உள்ளேயிருந்தும் தட்ட முடிகிறதாம். தட்டியது யார் என்பதை மச்சானேதான் மேலே போய்ச் சொல்லியிருக்கிறார். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டாமா என்றார். இனிமேல் சுத்தியல் கிடையாது. தலைவரின் மேசையிலேயே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் விஞ்ச் தானாக ஓடும்.

“அப்ப உனக்கு அங்க என்னண்ணா வேலை?” என்று தங்கை கேட்டாள்.

அதைத்தான் சொல்ல வந்தேன் என்று மச்சான் சிரித்தார். இருபது வருஷம் சொன்னதைச் சொன்னபடி செய்தவரை நிலையம் கைவிடுமா? காலியாக இருக்கிற பதவியை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். நீந்தத் தெரியாதே என்று இவரே சொல்லிப் பார்த்தாராம். நீந்தத் தெரிய வேண்டும் என்று விதி எதுவும் இல்லையாம்.

“உடுப்பை வாங்கிட்டு வரச் சொன்னாங்கம்மா. எனக்கு இடுப்புல கொஞ்சம் பிடிக்கும்னு நினைக்கிறேன். நீதான் பிரிச்சு விட்டுத் தரணும்.”

தொட்டிக்காரர் மச்சானின் இடுப்பைப் பார்த்தார். அது தன்னுடையதைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கும். நெற்றிப் புண் விண்ணென்று தெறித்தது.

அவள் எழுந்து கொடியிலிருந்து உடுப்பை எடுத்து வந்தாள். தையல் மேசைமேல் விரித்துப் போட்டு, சுருக்கமில்லாமல் நீவினாள். அண்ணன் ஆசையாகக் கையை நீட்டினார். அவள் பெரிய கத்தரியை எடுத்து, தொண்டையில் ஆரம்பித்த அந்தப் பழைய தையலின்மேலேயே வைத்தாள்.

“ஏய், என்னம்மா பண்றே? அவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?” என்றார் அண்ணன்.

அவள் தொண்டையிலிருந்து அடிவயிறுவரை ஒரே ஓட்டமாக வெட்டினாள். உள்ளே ஆள் இல்லாதபோதே அந்த உடுப்பை வெட்டியது இதுதான் முதல் தடவை.